சிறுதேரும் பெருந்தேரும்

மூன்று வயதுப் பிள்ளையொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்தறிந்தோர்க்கு ஓருண்மை நன்கு புலப்படும். வளர்ந்தோர் ஐந்து நிமிடத்திற் கடக்கும் வழி, பிள்ளையோடு செல்லுங்கால் அரைமணி நேர வழியாகிவிடுகின்றது. வேலியிலே ஓணான் தலையை அசைக்கின்றது, பிள்ளை நின்றுவிடுகின்றது. எறும்புகள் சாரையாக வழியைக் குறுக்கறுக்கின்றன. பிள்ளை குந்தியிருந்து அச்சாரையின் தொடக்கம் எது, முடிவு எது எனத் தேடுகின்றது. கையைப் பிடித்த தாயோ கோயிற் பூசைக்கு நேரமாயிற்றே எனத் தவிக்கின்றாள். ஒரே வழியில் இருவர் சென்றாலும் அவர் செல்லும் பயணங்கள் இரண்டு. குடும்பங்கள் சிறுபிள்ளைகளோடு வெளியே செல்லுங்கால் நேரும் இன்பங்களிற் பலவும் இடர்களிற் பலவும் இவ்விரு பயணங்களின் வேறுபாட்டினின்றே பிறக்கின்றன.

பிள்ளையின் நடமாட்டத்தையும் அதன் உலகம் விரியும் முறையையும் கூர்ந்து நோக்கி இலக்கியமாக்கிய பெருமை தமிழுக்கு உண்டு. பெரியாழ்வார் கண்ணனைப் பிள்ளையாக்கிப் பாடியவற்றில் இதன் தொடக்கத்தைக் காணலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழில் இது தனிப் பிரபந்தமாக உருப்பெற்றது. மூன்றாந் திங்கள் தொடங்கி இருபத்தொராந் திங்கள் வரையும் ஒற்றைப்பட்ட திங்கள்களிற் பத்துப் பருவங்களை வகுத்துக்கொள்ளுதல் பெருவழக்கு. இவற்றுள் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொது. எஞ்சிய மூன்றும் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என அமையும். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெரும்பான்மையும் வரும்.

இவற்றைப் பாட்டியல் நூலார் வகுத்த வெறும் வரையறை என்று படித்துச் செல்லும் மாணவர் பலர். பரீட்சைக்காகப் பத்துப் பெயர்களையும் மனனஞ் செய்வோர்க்கு வேறு தோன்றுதல் அரிது. ஆயின் வீட்டிலே கைப்பிள்ளை ஒன்றை வைத்துக்கொண்டு இவ்வொழுங்கை நோக்குவோர், அது ஒரு தாயின் நாட்குறிப்பைப் போன்றதென்பதைக் காண்பர். ஐந்தாந் திங்களளவிற் பிள்ளை தலை நிமிர்த்துகின்றது, செங்கீரை அதற்குரியது. ஒன்பதாந் திங்களளவிற் கைகொட்டக் கற்கின்றது, அது சப்பாணி. ஓராண்டு நிரம்பியபின் தளர்நடையிட்டு வருகின்றது, அது வருகை. அதன்பின் அம்புலி. இது நுணுகி நோக்கத்தக்கது. பிள்ளை ஒரு பொருளை விரலாற் சுட்டித் தாயின் முகத்தையும் அப்பொருளையும் மாறிமாறிப் பார்க்கும் ஆற்றலை முதலாண்டின் இறுதியளவிற் பெறுகின்றது என இக்கால உளநூலார் கூறுவர். இருவர் ஒரு பொருளைச் சேர்ந்து நோக்கும் இவ்வாற்றலே மொழி கற்றலுக்கு வித்து என்பதும் அவர் துணிபு. நிலாவைச் சுட்டிப் பிள்ளையோடு விளையாட அதனை அழைக்கும் தாய், இக்கொள்கையை ஒருவரிடமும் பாடங் கேட்டிலள்.

மற்றொன்றும் இவ்வொழுங்கிற் காணப்படும். முதற்பருவங்கள் தொட்டிலுள்ளும் மடியிலும் நிகழ்வன. இடையன முற்றத்தில் நிகழ்வன. இறுதியில் வரும் சிற்றிலும் சிறுதேரும் தெருவுக்குரியன. வீட்டினுள் இருந்த பிள்ளை படிப்படியாகப் படலையை நோக்கி நகர்கின்றது.

யாழ்ப்பாணத்து வீடுகளிலும் இந்நகர்வுக்கு ஒத்த படிகள் உள. பிறந்த பிள்ளை ஏணையிற் கிடக்கின்றது. முப்பத்தொராம் நாளில் துடக்குக் கழிகின்றது; அதன் பின்னரே கோயிலுக்குக் கொண்டுசெல்வர். ஆறாந் திங்களை அடுத்துச் சோறு தீற்றல் நிகழும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே அதனைச் செய்வித்தல் பல குடும்பங்களின் வழக்கம். பிள்ளையின் முதல் நெடும்பயணம் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். முதற்பல் முளைத்தவுடன் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பர். பிள்ளையை இருத்தித் தலைமீது வெள்ளைத் துணியை விரித்துக் கொழுக்கட்டைகளைச் சொரிவர். பின்பு ஏடு, எழுதுகோல், பொன், கண்ணாடி முதலியவற்றை முன்னே பரப்பி, பிள்ளை எதனை எடுக்கின்றது எனக் கூடியிருந்தோர் மூச்சடக்கிப் பார்ப்பர். எழுதுகோலைத் தொட்டால் தந்தைக்கு உவகை. பொன்னைத் தொட்டால் பாட்டிக்கு உவகை. பிள்ளை இவற்றையெல்லாம் விடுத்துக் கொழுக்கட்டையையே பற்றிக்கொள்ளுதலும் உண்டு. அதற்கும் ஒரு நற்பொருள் சொல்லத் தெரியாத மாமியர் இந்நாட்டில் இலர்.

நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு முதற் பல்கலைக்கழகம் ஒழுங்கை என்று கூறினும் மிகையாகாது. கிடுகுவேலி அருகி மதில்கள் மிகுந்துவிட்டன. எனினும் கிராமப்புறங்களிற் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் வேலிகளிலே இன்றும் நிற்கின்றன. பூவரசமிலையைச் சுருட்டி ஊதினால் ஓசை பிறக்கும். நுங்கு குடித்தபின் எஞ்சும் கோம்பைகள் இரண்டைத் தடியிற் கோத்தால் வண்டில் ஆகும். தென்னோலையைக் கிழித்து மடித்தாற் பாம்பு பிறக்கும்; பாட்டனாரின் கைவன்மையைப் பொறுத்து அது கிளியாகவும் மாறும். இவை விலைகொடுத்துப் பெறாத விளையாட்டுப் பொருள்கள் என்பதினும், பிள்ளையின் கண்முன்னே உருவாகும் பொருள்கள் என்பதே இவற்றின் சிறப்பு. கடையில் வாங்கிய பொம்மை எவ்வாறு வந்தது என்பதைப் பிள்ளை அறியாது. ஓலைப்பாம்பு எவ்வாறு வந்தது என்பதை அது அறியும். சிதைந்தால் மீளச் செய்விக்கலாம் என்பதையும் அறியும்.

இரண்டு வயதளவிற் பிள்ளை இரு சொற்களை இணைத்துப் பேசுகின்றது. மூன்று வயதளவில் வினாக்கள் பெருகுகின்றன. ‘அது என்ன?’ என்பது முதலில் வரும், ‘ஏன்?’ என்பது பின்னர் வரும். முன்னையதற்கு விடை கூறுதல் எளிது. பின்னையதற்கு விடை கூறுதல் கல்லூரி ஆசிரியர்க்கும் அரிது. ‘மாடு ஏன் படுத்துக்கொண்டு சாப்பிடுகின்றது?’ என்னும் வினாவுக்கு, அசைபோடுதல் எனும் செயலை மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்கும் சொற்களிற் கூறிப் பார்த்தோர், கற்பித்தல் எத்துணைக் கடினமான தொழில் என்பதை உணர்வர். களைத்த பெற்றோர் பலர் ‘பேசாமல் வா’ என்று முடித்துவிடுதல் இயல்பே. அவர்மீது பழி கூறுதற்கில்லை. ஆயின் அவ்விடையையே நாடோறும் பெறும் பிள்ளை சின்னாளிற் கேட்பதைக் கைவிட்டுவிடும். பின்னர் வகுப்பறையில் அதே பிள்ளையை எழுப்பி, ‘ஐயமிருந்தாற் கேள்’ என ஆசிரியர் வற்புறுத்தும் நிலை நேர்கின்றது.

ஒழுங்கையைக் கடந்த குடும்பப் பயணங்களுட் பங்குனித் திங்கட்கிழமைகளில் மட்டுவிற் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குச் செல்லுதல் பழைமை வாய்ந்தது. குடும்பத்தார் எல்லாரும் பானை சட்டியோடு சென்று, கோயிற் சூழலிலே அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டுக் கத்தரிக்காய்க் கறியும் ஆக்கிப் படைத்து, ஒருங்கிருந்து உண்டு மீள்வர். முற்காலத்தில் மாட்டுவண்டில்கள் அணியணியாகச் சென்றன. வண்டிலின் அடியிலே வைக்கோல் பரப்பிப் பாய் விரித்துப் பிள்ளைகளை இருத்துவர். மாட்டின் மணியோசையில் அவர் உறங்கிவிடுவர். இப்பயணத்திலே பிள்ளைக்குப் பெரும் வியப்பைத் தருவது யாதெனின், வீட்டு அடுக்களைக்குள் நிகழ்ந்தது வானத்தின் கீழே நிகழ்தலாம். தாய் சமைக்கின்றாள், தந்தையும் தேங்காய் துருவுகின்றார்! வீட்டிலே அடுப்பை அண்டவிடாத ஆச்சி, இங்கே சுள்ளி பொறுக்கி வருமாறு பிள்ளையை ஏவுகின்றாள். ஒரு சுள்ளியைக் கொண்டுவந்து கொடுத்த பிள்ளை, பொங்கியது தன்னாலேதான் என நெடுநாள் கூறித் திரியும். சிறுபிள்ளைகளோடு செல்லும் பயணத்திற் பிள்ளைக்கு ஒரு வேலை இருத்தல் வேண்டும் என்பதை இதனின்றும் அறியலாம். வேலையில்லாத பிள்ளையே முதலில் அழுகின்றது.

கீரிமலைப் பயணம் வேறு வகையது. கேணிக்கும் கடலுக்குமிடையே ஒரு சுவரே உண்டு. அப்புறத்தில் நீர் கைக்கும். இப்புறத்தில் அவ்வாறு கைப்பதில்லை. இதனை நாவாற் சோதித்து அறிந்த பிள்ளை, ‘ஏன்?’ என வினவுதல் திண்ணம். இதற்குரிய விடை யாழ்ப்பாணக் குடாநாட்டின் புவியியலையே உள்ளடக்கியது. இந்நிலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் வீழும் மழைநீர் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளாலும் குகைகளாலும் கீழிறங்கித் தேங்குகின்றது. கடல்நீரினும் நன்னீர் எடை குறைந்ததாகலின், நிலத்தடியிற் புகும் உவர்நீரின் மேலே அது மிதந்து நிற்கின்றது. அந்நன்னீர் கடலோரத்திலே வழி கண்டு வெளிப்படும் இடங்களுள் ஒன்றே கீரிமலை. புத்தூருக்கு அணித்தான நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருத்தலும் இக்காரணம் பற்றியதே. நிலாவரையில் இட்ட எலுமிச்சங்காய் கீரிமலையில் மிதக்கும் என வழங்கும் கதையைப் பிள்ளைகளுக்குக் கூறுவோர் பலர். கதை கதையாகவே இருக்கட்டும். நிலத்தின் அடியிலே நீர் வழிகளால் இணைந்துள்ளது என்னும் உண்மையைப் பிள்ளையின் உள்ளத்திற் பதித்தற்கு அதனினும் சிறந்த கருவி கிடைத்தல் அரிது. நஞ்சும் எண்ணெயும் ஓரிடத்தில் நிலத்திற் கலந்தால் அயற்கிணறுகளும் கெடும் என்பதைப் பின்னாளில் அப்பிள்ளைக்கு எளிதில் விளக்கலாம்.

காரைநகர்க் கசூரினாக் கடற்கரை, நெடுந்தூரம் ஆழமின்றி இருத்தலால், சிறுவரை நீரில் இறக்குதற்கு ஏற்றது. எனினும் கண்காணிப்பின்றி விடத்தக்க கடல் எங்குமில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகுப்பயணமும் பிள்ளைகள் விரும்புவதொன்று. வல்லிபுரக் கோயிலுக்குச் செல்வோர் மணற்குன்றுகளிலே பிள்ளைகளை உருளவிட்டுப் பார்த்திருப்பர்.

இப்பயணங்கள் என்றும் இடையறாது நிகழ்ந்தனவல்ல. 1990 ஆம் ஆண்டின் பின்னர் வலிகாமம் வடக்கு மக்கள் புகமுடியாத நிலமாயிற்று. கீரிமலைக்கு விரும்பியபோது செல்லும் நிலை நெடுங்காலம் இல்லாதிருந்தது. 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்டன. 2014 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திலேயே புகைவண்டி யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் அடைந்தது. இடைப்பட்ட காலத்தில் இக்குடாநாட்டிற் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் புகைவண்டியைப் பாடநூற் படத்திலே மாத்திரம் கண்டனர். அது எழுப்பும் ஓசையை வாயாற் செய்து விளையாடினர், அவ்வோசையைக் கேட்டவரல்லர். வண்டி வந்த அந்நாளில் நிலையத்திலும் கடவைகளிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்ற பெற்றோருட் பலர்க்கும் அது புதுமையே.

எனினும் அக்காலத்தில் வெளியே செல்லுதல் அறவே ஒழிந்துவிட்டது எனக் கருதுதல் தவறு. பெற்றோல் கிடைத்தற்கு அரிதாகிய தொண்ணூறுகளிற் குடும்பத்தின் ஊர்தி துவிச்சக்கர வண்டியே. முன் பாரிற் பொருத்திய சிறிய இருக்கையில் மூத்த பிள்ளை, மிதிப்பவர் தந்தை, பின் கரியரிலே கைப்பிள்ளையை மடியில் வைத்த தாய். நால்வரும் ஒரு வண்டியில் நல்லூருக்குச் சென்று மீண்டனர். தந்தையின் கைகளிரண்டுக்கும் நடுவே அமர்ந்து, எதிர்க்காற்றை முகத்தில் ஏற்று, வழியெல்லாம் அவரோடு பேசிச்சென்ற அப்பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராயுள்ளனர். தம் பிள்ளைகளை மோட்டார் வண்டியின் பின்னிருக்கையில் இருத்தி, கையிலே தொலைபேசியைக் கொடுத்து அழைத்துச் செல்வோரும் அவர்களுள் உளர். வசதி பெருகியது, உரையாடல் சுருங்கியது. இரண்டும் ஒருங்கு நிகழவேண்டுமென்னும் நியதி யாதும் இல்லை.

குடும்பப் பயணங்கள் அனைத்தினும் பெரியது நல்லூர்த் திருவிழா. ஆடியமாவாசையின் பின் ஆறாம் நாளிற் கொடியேறி இருபத்தைந்து நாள் நிகழும் அவ்விழாவில் இருபத்துநான்காம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். தேரன்று விடியலில் வீதி நிறைந்து நிற்கும் மக்களைப் பெரியோர் ஒரு கடலாகக் காண்கின்றனர். மூன்றடி உயரமுள்ள பிள்ளை காண்பது யாது? வேட்டிகளும் சேலைக் கரைகளும் வியர்த்த முழங்கைகளுமே. எல்லாரும் கைகூப்பி ‘அரோகரா’ என்கின்றனர். எதனைப் பார்த்துக் கூறுகின்றனர் என்பது அதற்குத் தெரியவில்லை. அழுகின்றது. ‘முருகனைப் பார்க்க வந்து அழலாமா?’ எனத் தாய் கடிகின்றாள். தந்தை தோள்மீது தூக்குகின்றார். அக்கணத்திலே, தலைகளாலாகிய நிலப்பரப்பின் மேலே, பெருந்தேர் அசைந்து வருதலைப் பிள்ளை காண்கின்றது. அழுகை நின்றுவிடுகின்றது. பிடிவாதம் எனக் கருதப்பட்டது உயரக்குறைவே என்பது அப்போதாவது புலப்படல் வேண்டும்.

திருவிழாவிற் பிள்ளையை அழைத்துச் செல்வோர் கருதத்தக்கன சில உள. உடலின் எடையோடு ஒப்பிடுங்கால் தோற்பரப்பு மிகுதியாயிருத்தலின், சிறுபிள்ளைகளைச் சுடுவெயில் பெரியோரினும் விரைவிற் தாக்கும். அவர் தாகத்தைச் சொல்லத் தெரியாதவர். கேளாமலே நீர் கொடுத்தல் வேண்டும். கூட்டத்திற் பிள்ளையைத் தவறவிடுதல் ஆண்டுதோறும் நிகழ்வதொன்று. கண்டெடுத்தோர் அதனை ஒலிபெருக்கி இருக்குமிடத்திற் சேர்ப்பர். ‘உன் பெயர் என்ன?’ என்றால், பிறப்புச் சான்றிதழிலுள்ள பெயரை விடுத்து வீட்டிற் கூப்பிடும் செல்லப்பெயரைப் பிள்ளை சொல்லும். ‘அப்பாவின் பெயர் என்ன?’ என்றால் ‘அப்பா’ என்னும். அதன் அறிவுக்கு அவ்விடை முழுவதும் சரியானதே! ஆதலின் மூன்று வயதிலேயே பெற்றோரின் பெயரையும் ஊரையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தல் இன்றியமையாதது. அகரம் எழுதப் பழக்குதற்கு விசயதசமி வரை காத்திருக்கலாம். இதற்குக் காத்திருத்தல் ஆகாது.

இவ்விழாக்காலத்திற் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. ஆவணித் திங்களை ஒட்டி அந்நாடுகளிற் பள்ளி விடுமுறை அமைதலும் இதற்கு வாய்ப்பாகின்றது. பேரப்பிள்ளையைத் தொலைபேசியின் கண்ணாடியிலே கண்டுவந்த ஆச்சி, முதன்முறையாக அதனைத் தொடுகின்றாள். பிள்ளை அறிந்த மொழி வேறு. ஆச்சி அறிந்த மொழி வேறு. வீட்டினுள் இருத்தி வைத்தால் இருவரும் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பர். சிறிது நேரத்தில் அதுவும் ஓய்ந்துவிடும். வீதிக்கு அழைத்துச் சென்றால் நிலை மாறுகின்றது. கச்சான்கடை இருக்கின்றது; தும்புமுட்டாசு இருக்கின்றது; அம்மம்மாக் குழல் இருக்கின்றது. பிள்ளை விரலாற் சுட்டுகின்றது. ஆச்சி பெயர் சொல்லுகின்றாள். பிள்ளை அதனைத் திருப்பிச் சொல்லுகின்றது. ஏழு வயதுப் பிள்ளையாயினும், அம்புலிப் பருவத்துக் கல்வியே அங்கு மீண்டும் தொடங்குகின்றது. வாரந்தோறும் வகுப்பு வைத்துக் கற்பித்தும் நாவில் நில்லாத சொற்கள் சில, கச்சான் சுருளோடு நின்றுவிடுதலுண்டு.

உள்ளூர்ப் பிள்ளைகளின் நிலை யாது? ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையை முன்னிட்டு, எட்டு வயதிலேயே சனி ஞாயிறுகளைத் தனியார் வகுப்புக்கு ஒப்புவித்துவிடும் வீடுகள் பலவாகிவிட்டன. அப்பரீட்சையின் வினாத்தாளிற் கீரிமலையைப் பற்றியும் கேட்கலாமன்றோ என எண்ணி, அதனைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்து மனனஞ் செய்யும் பிள்ளை, வீட்டிலிருந்து பத்து மைலுக்குட்பட்ட அக்கேணியிற் கால் வைத்திராமலும் இருக்கலாம். அண்ணனுக்கு வகுப்பென்றால் தம்பிக்கும் தங்கைக்கும் பயணமில்லை. குடும்பம் முழுவதும் வீட்டில் இருந்துவிடுகின்றது. மூன்று வயதுத் தங்கைக்கு எந்தப் பரீட்சையும் இல்லை. அவளுடைய ஓணானும் எறும்புச் சாரையும் அண்ணனுடைய பரீட்சையின் பொருட்டு ஏன் காத்திருத்தல் வேண்டும் என்பதற்குப் பெற்றோர் கூறும் விடை வலியுடையதாகத் தோன்றவில்லை.

தேர் இருப்பிடம் அடைந்தபின் குடும்பங்கள் வீடு திரும்புகின்றன. வரும் வழியிலேயே பிள்ளை தந்தையின் தோளிற் சாய்ந்து உறங்கிவிடுகின்றது. கையிற் பற்றிய குழலை உறக்கத்திலும் விடுவதில்லை. மறுநாட் காலையில், தீர்த்தத்துக்குப் போக ஆயத்தமாகும் பரபரப்பினிடையே, முற்றத்திலே செங்கல் ஒன்றுக்குக் கயிறு கட்டப்பட்டிருக்கின்றது. செங்கல்லின் மேலே செம்பரத்தம்பூ ஒன்று வீற்றிருக்கின்றது. அண்ணன் முட்டுக்கட்டை போட நியமிக்கப்பட்டுள்ளான். ஆச்சி அடியார் கூட்டம். கயிற்றைப் பிடித்த பிள்ளை, மணல் முற்றத்தைக் கடந்து, படலையை நோக்கித் தன் தேரை இழுத்துக்கொண்டு போகின்றது.